வாளி வைத்த கதவு

டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கதவுக்கு வெளியே கொண்டி விழுந்த சத்தம் என்று காதுக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் அது என்னை உள்ளே வைத்துப் போட்ட கொண்டி என்று புத்திக்கு எட்டக் கொஞ்ச நேரம் ஆனது, ஏனென்றால் நான் அப்போது லாக் என்ற வார்த்தைக்குள் இருந்தேன். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி, உதட்டை மட்டும் அசைத்து, சத்தமில்லாமல், எதிரே இருக்கும் சோப்புப் பெட்டிக்கும் பிரஷ்ஷுக்கும் ஈர டவலுக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். லாக் என்றால் பூட்டு. லாக் என்றால் பூட்டுவது. லாக் என்றால் ஒரு கற்றை முடி. அதற்குப் பிறகு மான்கள் கொம்போடு கொம்பு பின்னிக்கொள்வது வர வேண்டும், அதற்குள் வாசல் கதவு திறந்தது, என்னோடு இந்த வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் நர்ஸ் ஜெசிந்தாக்கா நைட் டூட்டி முடிந்து வந்துவிட்டார், நான் அசைந்துகொண்டிருந்த உதட்டையும் நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன். சத்தமே இல்லாமல் பேசிய இங்கிலீஷ், அது அவருக்குக் கேட்டுவிடும் என்றா. அவருடைய செருப்பு கழன்ற சத்தம், பை கீழே வைத்த சத்தம், பிறகு பாத்ரூமுக்கு வெளியே நான் வைத்திருந்த வாளியின் கைப்பிடி கிணுகிணுத்த சத்தம், பிறகு இந்த டக். பிறகு அவருடைய அறைக் கதவு. பிறகு ஃபேன், அந்தப் பழைய ஃபேன், அம்மி அரைப்பது மாதிரி ஓடும். கதவைத் தள்ளிப் பார்த்தேன். வரவில்லை. இன்னொரு தடவை தள்ளினேன், முதல் தடவை சரியாகத் தள்ளவில்லையோ என்று. வரவில்லை.

இன்றைக்கு டெமோ. மாம்பலத்தில் அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் வேலைக்கு ஆள் எடுப்பது ஒரு தினுசு. முதல் நாள் சாயங்காலம் போன் செய்து சின்னதாக ஒரு வார்த்தை கொடுப்பார்கள். மறுநாள் போய் அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு, புத்தகம் இல்லாமல், குறிப்பு இல்லாமல், இருபது நிமிடம் வகுப்பு எடுக்க வேண்டும். எதிரே நிஜமான மாணவர்கள், கடைசி பெஞ்சில் சென்டரை நடத்துகிறவர்கள். "உங்க வேர்டு லாக் மேடம், கதவுல இருக்குமே, அதுதான்" என்றாள் போனில் அந்தப் பெண். மேடம் என்றாள். எனக்கு அந்த மேடத்திலேயே கொஞ்சம் வியர்த்தது. போன மாதம் வேறொரு இடத்தில் இதே மாதிரி டெமோ எடுத்தேன், எல்லாம் சொன்னேன், ஒன்றும் தப்பில்லை, ஆனால் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "சப்ஜெக்ட் ஓகேம்மா, வாய்ஸ்தான் ரெண்டாவது பெஞ்சத் தாண்டல" என்றார். அம்மாவிடம் சொன்னபோது போனில் சிரித்துவிட்டாள். "கோகிலவாணின்னு பேரு வெச்சதுக்கு வேற எதாச்சும் வெச்சிருக்கலாம் போ. போச்சாது கண்ணு, இன்னொண்ணு வரும்." சிரித்தது எனக்காக. போனை வைத்த பிறகு சிரித்திருக்க மாட்டாள். இந்த மாதக் கடைசிக்குள் ஒன்றும் அமையவில்லை என்றால் கோயமுத்தூருக்குத் திரும்பி, அப்பா காவலிருக்கும் அப்பார்ட்மெண்டுக்கு எதிரே துணிக்கடையில் பில் போட உட்காருவது என்று பேசி வைத்திருக்கிறது. தப்பான வேலை இல்லை. இங்கிலீஷ் எம்.ஏ. படித்தவள் உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவும் இல்லை. ஆனால் மில் லைனில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் வீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் காலேஜ் வாசலை மிதித்தவர்கள் யாரும் இல்லாமல், நான் ஒருத்தி மட்டும் மிதித்துவிட்டு, போன வழியே திரும்பி வந்தால், அடுத்து எவள் வீட்டில் அனுப்புவார்கள். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன், பல் தேய்க்கும்போது, ரயிலில், இப்போது.

தட்டலாம். தட்டினேன். விரல் முட்டியால், டாக்டர் அறைக் கதவைத் தட்டுகிற மாதிரி. ஃபேன் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டலாம், ஆனால் அவர் இரவு முழுக்க நின்றிருப்பார், ஆஸ்பத்திரியில் அவர் வார்டில் உட்காருவதற்கு ஒரு ஸ்டூல்தான் உண்டாம், அதிலும் நோயாளிகளோடு வந்தவர்கள் உட்கார்ந்துகொள்வார்களாம். வந்ததும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு விழுந்துவிடுவார். எழுப்பினால் தலைவலி வரும். வரட்டும், எனக்கு டெமோ. இல்லை, கொஞ்சம் பொறுக்கலாம், அவரே தண்ணீர் குடிக்க எழுந்து வரக்கூடும். வர மாட்டார். வாசலில் என் செருப்பு இருந்தால் நான் வீட்டில் இருப்பது தெரிந்திருக்கும், ஆனால் இன்றைக்குப் போட்டுப்போக அவருடைய கறுப்புச் செருப்பை இரவல் வாங்கி, துடைத்து, அறைக்குள் கட்டிலடியில் வைத்திருக்கிறேன், என்னுடையதை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். நான் கிளம்பிப் போய்விட்டேன் என்றுதான் நினைத்திருப்பார். போனும் அறையில். வெளிச்சம் மேலே வென்டிலேட்டர் வழியாக வருகிறது, அதனால் லைட்டும் போடவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் கதவு விறைப்பாக நின்றிருக்கும், தொட்டதும் ஆள் இருப்பது தெரிந்திருக்கும். நான் போடவில்லை. நான் எப்போதும் போடுவதில்லை.

அதுதான் விஷயம், நான் எப்போதும் போடுவதில்லை. மில் லைனில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக, வரிசைக் கடைசியில், இரண்டு குளிக்கும் அறைகள். தகரக் கதவு. உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. என்றைக்கோ இருந்திருக்கும், துரு தின்றுவிட்ட இரண்டு துளைகள் மட்டும் இருந்தன. அதற்குப் பதிலாக வாளி. உள்ளே போகிறவர்கள் கதவுக்கு முன்னால் தங்கள் வாளியை வைத்துவிட்டுப் போக வேண்டும். வாளி இருந்தால் ஆள் உண்டு. அவ்வளவுதான் சட்டம். குடித்துவிட்டு வருகிற ஆண்கள் உண்டு, சண்டை போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் பேசாத வீடுகள் உண்டு, பந்தைத் தேடி எங்கும் புகுந்துவிடும் பிள்ளைகள் உண்டு, ஆனால் வாளி வைத்த கதவை ஒருவர் தொட்டதாக எனக்கு நினைவில்லை. நான் வயதுக்கு வந்த புதிதில் அம்மா என்னிடம் வேறு ஒன்றும் சொல்லவில்லை, "வாளிய மறக்காத" என்றாள். சென்னைக்கு ரயிலேறும்போதும் பச்சை நிறத்தில் ஒரு வாளி வாங்கி, அடியில் நெயில் பாலிஷால் கோ என்று எழுதிக் கொடுத்தாள். இந்த வீட்டுக் கதவில் உள்ளே பளபளவென்று தாழ்ப்பாள் இருக்கிறது. இருந்தும் கை அங்கே போவதில்லை, வாளியை வெளியே வைத்துவிட்டு நுழைந்துவிடுகிறேன், பூட்டிவிட்டேன் என்று உடம்பு நிம்மதியாகிவிடுகிறது. ஜெசிந்தாக்கா தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம். அவருக்கு வாளி வாளிதான். வழியில் கிடந்தால் ஓரமாக எடுத்து வைப்பார். இத்தனை நாள் அவர் தூங்கும்போது நான் குளித்தேன், நான் தூங்கும்போது அவர் குளித்தார், அதனால் தெரியவில்லை.

அவர் கொண்டி போட்டதும் அவருக்காக இல்லை. இதை நினைத்தால் கோபப்படக்கூட முடியவில்லை. நான் வந்த முதல் வாரம் ஜலதாரை வழியாக ஒரு பெருச்சாளி இந்தப் பாத்ரூமுக்குள் ஏறி, திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்தைத் தாண்டி என் அறைக்கு வந்து, கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தது. நான் கட்டில் மேல் ஏறி நின்று அழுதேன். இருபத்து மூன்று வயதில், எம்.ஏ. படித்துவிட்டு, வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு. ஜெசிந்தாக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "சரிட்டி, இனிமே வராது" என்றார். அன்றிலிருந்து பாத்ரூம் கதவைத் தாண்டும்போதெல்லாம், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், நின்று, கதவை இழுத்து, கொண்டியைப் போட்டுவிட்டுத்தான் போகிறார். அவருக்குப் பெருச்சாளி பயம் கிடையாது. எனக்காகத்தான். இரவெல்லாம் நின்ற காலோடு, கண் சொருகிக்கொண்டு வந்தபோதும் மறக்காமல் எனக்காகக் கொண்டி போட்டிருக்கிறார், நான் அந்தக் கொண்டிக்குள் நிற்கிறேன்.

எங்கள் மில் லைன் வீட்டில் முதலில் நுழைந்த இங்கிலீஷ் வார்த்தையும் லாக்தான். நான் கொண்டுவந்ததல்ல. நான் மூன்றாவது படிக்கும்போது ஒரு திங்கட்கிழமை மில்லில் லாக்கவுட். அம்மாவுக்குத் தன் கையெழுத்தும் என் பெயரின் முதல் எழுத்தும் தவிர எழுதத் தெரியாது, ஆனால் லாக்கவுட் என்று தடங்கலில்லாமல் சொல்வாள், கடையில், ஆஸ்பத்திரியில், என் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம். "மில்லு லாக்கவுட்டுங்க, அடுத்த மாசம் தந்தர்றனுங்க." அப்பா அதற்குப் பிறகும் தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கேட் வரை போய், அந்தப் பெரிய பூட்டைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். பார்த்தார், திரும்பினார், வழியில் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். இதை இன்றைக்கு வகுப்பில் சொல்லலாமா. லாக்கவுட் என்றால் வேலை செய்ய வருகிறவர்களை முதலாளி வெளியே நிறுத்துவது, உதாரணம், என் அப்பா. தொண்டை அடைத்துவிடும். ஏற்கெனவே இரண்டாவது பெஞ்சைத் தாண்டாத தொண்டை. வேண்டாம். லாக்டவுன் சொல்லலாம், அது எல்லோருக்கும் தெரியும். பி.ஏ. வகுப்புகள் போனில் நடந்த காலம். ஒரே அறை வீடு, அப்பா வீட்டிலேயே, பக்கத்து வீட்டு டிவி இங்கே கேட்கும், இங்கே தட்டு விழுந்தால் அங்கே கேட்கும். லைன் முழுக்கச் சத்தமில்லாத இடம் அந்தத் தகரக் கதவு அறை ஒன்றுதான். அங்கே ஒரு முக்காலியைப் போட்டு, போனைச் சோப்பு வைக்கும் மாடத்தில் சாய்த்து, வாளியை வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இரண்டு அறையில் ஒன்றை நான் காலை முழுக்க எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள். மீதி ஒன்றுக்கு வரிசையில் நின்றார்கள். முணுமுணுக்காமல் இல்லை, நன்றாகவே முணுமுணுத்தார்கள். ஆனால் எதிர்வீட்டுச் சரோசாக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே வாசல்படியிலிருந்து குரல் கொடுப்பாள், "அட அந்தப் பக்கம் போங்க, உள்ள காலேஜு நடக்குது." யாராவது, "எத்தன நாளைக்கு சரோசா?" என்பார்கள். "டிகிரி முடியற வரைக்கும். உனக்கு அவசரம்னா நீயும் போயி ஒரு டிகிரி படி." சிரிப்புச் சத்தம். உள்ளே நான் மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு பேராசிரியர் சொல்வதை எழுதிக்கொண்டிருப்பேன். கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் மைக்கைத் திறக்க மாட்டேன், என் இங்கிலீஷும் வெளியே நிற்கிறவர்களின் சத்தமும் ஒன்றாகப் போய் எல்லோருக்கும் கேட்டுவிடும் என்று. அங்கிருந்துதான் பழகிவிட்டதோ, பாத்ரூமில் சத்தமில்லாமல் படிப்பது, பாத்ரூமில் உதடு மட்டும் அசைப்பது. அந்த வாளியை ஒரு நாள் ஒருவராவது தள்ளி வைத்திருந்தால் நான் டிகிரி முடித்திருக்க மாட்டேன். நான் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. எப்படிச் சொல்வது, நீங்கள் அந்தக் கதவைத் திறக்கவில்லை, அதற்கு நன்றி என்றா.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிரேயர் தொடங்கிவிட்டது. மைக்கில் ஒரு பிள்ளை செய்தி வாசிக்கிறது. எவ்வளவு தைரியம் அதற்கு. பிரேயர் முடிந்து முதல் மணி அடிக்கும்போது நான் வீட்டை விட்டு இறங்கியிருக்க வேண்டும், குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு நடந்து, மின்சார ரயில் பிடித்து, மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தைக் கடந்து. இன்னும் குளிக்கவில்லை. இங்கேயே குளித்துவிடலாம், தண்ணீர் இருக்கிறது, குளித்துவிட்டால் நேரம் மிச்சம். ஆனால் பூட்டிய அறையில் எப்படிக் குளிப்பது என்று ஒரு பைத்தியக்காரத்தனமான கூச்சம். திறந்த அறையில் தினமும் குளித்தவளுக்குப் பூட்டிய அறையில் கூச்சம். மறுபடி தட்டினேன், இந்தத் தடவை மக்கால். பிளாஸ்டிக் மக், பொக் பொக் என்றது. ஃபேன் அரைத்துக்கொண்டே இருந்தது. டெமோவுக்குப் போகாமல் இருந்துவிட்டால் என்ன, பூட்டிக்கொண்டது என்று சொல்லலாம், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, கடைசி பெஞ்சில் யாரும் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த நினைப்பு எவ்வளவு சுகமாக வந்தது என்று பார்த்ததும் பயந்துபோனேன். பெருச்சாளியைவிட இது மோசம். மக்கைக் கீழே வைத்தேன்.

லாக். நேற்று இரவு டூட்டிக்குக் கிளம்பும்போது ஜெசிந்தாக்காவிடம் வார்த்தையைச் சொன்னேன். தலையில் கிளிப்பை மாட்டிக்கொண்டே, "எங்க வார்டுல லாக்குன்னா வேறட்டி" என்றார். கையில் குத்தி வைத்த ஊசியை ஒவ்வொரு மருந்துக்கும் எடுத்து எடுத்துக் குத்தினால் நோயாளி தாங்க மாட்டார். அதனால் ஊசியை அப்படியே விட்டு, கொஞ்சம் மருந்துத் தண்ணீர் ஏற்றி, மூடி வைத்துவிடுவார்களாம், ரத்தம் உறைந்து வழி அடைபடாமல் இருக்க. அடுத்த மருந்து வரும்போது அதே வழியில் போகும். அதற்குப் பெயர் லாக். "அடைச்சு வைக்கதுதான், ஆனா வழி மூடிராம இருக்கதுக்கு." அவருக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார். நான் அகராதியில் தேடினேன், நான் வைத்திருக்கும் அகராதியில் இல்லை. இன்னொன்று, கல்லூரியில் படித்தது. கப்பல் போகும் கால்வாயில் தண்ணீர் ஒரு பக்கம் தாழ்வாகவும் ஒரு பக்கம் உயரமாகவும் இருந்தால், படகை நடுவில் நிறுத்தி முன்னும் பின்னும் கதவை அடைத்துவிடுவார்கள். உள்ளே தண்ணீர் ஏறும். படகும் கூடவே ஏறும். மேல்மட்டம் வந்ததும் முன் கதவைத் திறப்பார்கள். அதுவும் லாக். நான் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. பேராசிரியர் போன் திரையில் கோடு போட்டுக் காட்டினார், தகரக் கதவுக்குள் உட்கார்ந்து நான் அதை வரைந்துகொண்டேன், வெளியே சரோசாக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்துவிட்டது. முதல் மணி.

நான் கதவைப் பார்த்து நின்றேன். அக்கா என்று கூப்பிட்டேன். அது ரெண்டாவது பெஞ்ச். அக்கா. மூன்றாவது. இந்தக் கதவு, அப்பால் கூடம், அப்பால் அவருடைய கதவு, அம்மி ஃபேன், பஞ்சு. கடைசி பெஞ்ச் அங்கேதான் இருக்கிறது, காதுக்குப் பின்னால் கைகூட இல்லாமல். சும்மா அக்கா அக்கா என்று கத்த வாய் கூசியது, ஆனால் பாடம் கூசாது, பாடம் எனக்குத் தெரியும். வயிற்றிலிருந்து மூச்சை எடுத்தேன், இரண்டு உள்ளங்கையையும் கதவில் வைத்துக்கொண்டு, குட் மார்னிங் எவ்ரிபடி என்று அடித்தேன். ஆமாம், அடித்தேன், சுவரில் பட்டுத் திரும்பி என் முகத்திலேயே விழுந்தது. டுடேஸ் வேர்ட் ஈஸ் லாக். லாக்குக்கு ஒரு தட்டு, கதவில், உள்ளங்கையால். வி லாக் அ டோர். தட்டு. த மில் வாஸ் லாக்ட், அண்ட் மை ஃபாதர் வென்ட் எவ்ரி மார்னிங் டு லுக் அட் த லாக். தட்டு. தொண்டை அடைக்கவில்லை. அடைக்கும் என்று எவ்வளவு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். படகைச் சொன்னேன், தண்ணீர் ஏறுவதைச் சொன்னேன், ஊசியைச் சொன்னேன், அது என் தோழி சொன்னது என்று சொன்னேன், மை ஃப்ரெண்ட் ஈஸ் அ நர்ஸ் அண்ட் ஷீ ஈஸ் ஸ்லீப்பிங் நௌ என்றபோது எனக்கே சிரிப்பு வந்து அதற்கும் சேர்த்துத் தட்டினேன். பிழை இருந்திருக்கும். இருக்கட்டும். எங்கோ ஃபேன் நின்றது. ஒரு கதவு. ஓடி வரும் காலடி.

டக்.

தலைமுடி கலைந்து, ஒரு காதில் பஞ்சும் ஒரு கையில் பஞ்சுமாக ஜெசிந்தாக்கா நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏட்டி! உள்ளேயா இருந்த? நீ கெளம்பிட்டேன்னுல்லா நெனச்சேன்!"

"வாளி வெச்சிருந்தனேக்கா."

"ஆமா, வாளி வழியில கெடந்துச்சு. எடுத்து ஓரமா வச்சேன். அதுக்கென்ன?"

சொன்னேன். கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, தகரக் கதவு, வாளி, சட்டம், இரண்டே வாக்கியத்தில். அவர் பச்சை வாளியைப் பார்த்தார், கொண்டியைப் பார்த்தார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"ஏசுவே. நான்தான் அடைச்சேனா? கோவமாட்டி?"

"இல்லைக்கா. பெருச்சாளிக்குத்தானே போட்டீங்க."

"போட்டேன்... சரி, அத விடு. நீ என்ன இன்னும் நைட்டியோட நிக்க? இவ்வளவு நேரம் உள்ள இருந்து குளிக்கக்கூட இல்லையா?"

"இல்ல."

"படிச்ச புள்ள!" என்றார். "போ, உள்ள போ. நான் போயி ஆட்டோவுக்குச் சொல்லுதேன். ஸ்டேஷன் வரைக்கும் அதுல போ, ட்ரெயினப் பிடிச்சிரலாம். ஆமா, யாருக்குட்டி அந்த சத்தம் போட்ட? கனவுல ஹெட் மிஸ்ட்ரஸ் வந்துட்டான்னு பதறி எந்திரிக்கேன்."

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சாவா? பஞ்சத் தாண்டில்லா கேக்கு!"

நான் உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் கைக்கு எட்டும் இடத்தில் பளபளத்தது. கை அதுவரை போனது. அதற்குள் வெளியே தரையில் பிளாஸ்டிக் உரசும் சத்தம், வாளி நகர்ந்து வந்து கதவுக்கு நேர் எதிரே நின்றது. போனில் ஆட்டோக்காரரிடம் அவர் விலாசம் சொல்வது கேட்டது. பிறகு வாளி கவிழும் சத்தம், அதன் மேல் ஒரு ஆள் உட்கார்ந்து பெருமூச்சு விடும் சத்தம். முதல் மக் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது மாடிப்படியில் வீட்டுக்காரரின் செருப்புச் சத்தமும், "என்னம்மா அது, காலங்காத்தால ஒரே கூச்சல்?" என்ற குரலும் கேட்டன.

ஜெசிந்தாக்காவின் குரல் பாதித் தூக்கத்தில் இருந்தது. மில் லைனைக் கண்ணால் பார்த்திராத குரல். சரோசாக்கா என்று ஒருத்தி இருப்பதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"ஒண்ணுமில்ல சார்," என்றார். "உள்ள கிளாஸ் நடக்கு. நீங்க அங்குட்டுப் போங்க."

நான் தாழ்ப்பாளைப் போடாமல் அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவது மக் தண்ணீரை மொண்டேன்.